நுரையீரல் நீர் சொல்லும் சேதி



கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டியதும் வருகின்ற சிறிய நிலையம் அனுப்பம்பட்டு. அடுத்த நிலையமான பொன்னேரியில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சென்றால் பழவேற்காடு ஏரியும், அதன் கரையோரக் குப்பங்களும் வந்துவிடும். இரவெல்லாம் ஏரியில் வலை போட்டுக் காத்திருப்போரும், விறகடுப்புப் புகைக்கு நடுவே சமையலை முடித்துவிட்டுப் பனையோலையில் பெட்டி முடைந்து குடும்பத்துக்குக் கைகொடுக்கும் நம் பழவேற்காட்டுப் பெண்களும் வாழும் பகுதி இது. இந்த மார்க்கத்தில் காலை வேளையில் சென்னை செல்லும் வண்டியில் ஏறுவோரில், மடியில் எக்ஸ்ரே உறையும் வாயில் கைக்குட்டையுமாக அமர்ந்திருப்போர் சிலராவது இருப்பர்.

அவர்களுள் ஒருவரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். நாற்பது வயதை எட்டாத ஆண்மகன். பகலில் ஓரளவு நன்றாகவே இருக்கிறார். நள்ளிரவு கடந்து இரண்டு மணி, மூன்று மணி ஆனதும் தொடங்குகிறது இருமல். மூச்சில் விசில் போல் ஓர் ஒலி. உட்கார்ந்தால்தான் சற்றே ஆறுதல். உடல் இளைக்கிறது, மாலையில் இலேசான காய்ச்சலும் தலைகாட்டுகிறது. முதலில் பார்த்த மருத்துவர் ‘வீசிங்’ என்றார். அடுத்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, டி.பி.யாக இருக்குமோ என ஐயுற்றார். மூன்றாமவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ஈசினோபீலியா என்றார். ஒரே இருமலுக்கு மூன்று பெயர்கள், மூன்று விதமான மருந்துகள், மூன்று விதமான கடன்கள்! கடைசியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது, “நுரையீரலிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்” என்று சொல்லப்படுகிறது. குடும்பமே நடுங்கிப் போகிறது. “நெஞ்சுக்குள்ளே குழாயை விட்டால் ஆள் தேறுவாரா?” என்று பெரியவர்கள் கேட்கின்றனர். வந்த வழியே திரும்பிவிடுவோரும் உண்டு.

அந்த அச்சத்தைப் பற்றியும், அந்த நீர் என்ன சொல்கிறது என்பதைப் பற்றியும் இம்மாதம் பேசுவோம். இதற்காக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகத் தேவையில்லை. இந்தச் சோதனையின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் சென்னைச் சேத்துப்பட்டிலேயே எழுதப்பட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘நுரையீரல் நீர்’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுபவை இரண்டு. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. அவற்றின் இடையில் நீர் சேர்ந்துவிடுவது ஒன்று. “நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது” என்று நம் வீடுகளில் சொல்வது இதனைத்தான். இதை விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி எடுப்பர். மற்றொன்று, நுரையீரலுக்கு உள்ளேயே, காற்று வந்து நிறையும் நுண்ணறைகளின் சுவரில் படிந்திருக்கும் மெல்லிய ஈரப்படலம். முப்பது கோடிக்கும் மேற்பட்ட அந்த நுண்ணறைகளின் ஈரத்தை ஊசியால் உறிஞ்ச இயலாது. எனவே மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, சிறிதளவு உப்புநீரை உள்ளே விட்டு, அந்தப் பகுதியைக் கழுவி, அந்த நீரை மீண்டும் உறிஞ்சி எடுப்பர். பாத்திரத்தை அலசிய நீரைப் பார்த்து அதில் என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது போன்றது இது. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ‘பி.ஏ.எல்.’ என்பர். நாம் ‘நுரையீரல் கழுவுநீர்ச் சோதனை’ என்று சொல்லிக்கொள்வோம்.

இனி சென்னையின் கதைக்கு வருவோம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் ஒரு காசநோய்ச் சானடோரியம் இருந்தது. அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பகுதி. அங்கே பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட் மோல்லரும் அவருடைய சகாவான பார்ட்டனும் 1940ஆம் ஆண்டில் ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டனர். காசநோயாளிகள் என்று கருதிச் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாக நிழல் தெரிந்தது. இருமல் இருந்தது, காய்ச்சல் இருந்தது. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இரத்தத்திலோ ஈசினோபில் எனப்படும் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி மலிந்திருந்தன. காசநோயைப் போல வேடமிட்டு வந்த வேறொரு நோய் அது! 1943இல் பம்பாயில் பணியாற்றிய வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த மருந்தால் இது குணமாவதையும் அவர் கண்டார்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததே தவிர, காரணம் கிடைக்கவில்லை. பலரும் பலவாறு ஊகித்தனர். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுவின் மீது சந்தேகம் விழுந்தது. ஆனால் இந்நோயாளிகளின் இரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் அப்புழுவின் குஞ்சுகள் தென்படவில்லை. பிறகு எங்கே அவை? விடையை 1960இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் தந்தனர். நோயாளிகளின் நுரையீரல் முதலான உறுப்புகளிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளை ஆராய்ந்தபோது, புழுக்குஞ்சுகள் அங்கே சிக்கிக் கிடந்ததை அவர்கள் கண்டனர். கொசு கடித்து உடலுக்குள் வந்த புழு வளர்ந்து குஞ்சு பொரிக்கிறது. அக்குஞ்சுகளை இரத்தத்தில் உலவவிடாமல் நுரையீரலிலேயே உடல் மடக்கிப் பிடித்து, அவற்றின் மீது ஈசினோபில் அணுக்களை ஏவிவிடுகிறது. அந்தச் சண்டையின் ஓசைதான் நள்ளிரவு இருமல். ஃபைலேரியாப் புழு உடலில் இருக்கும் எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. ஒரு சிலரின் உடல் மட்டுமே இவ்வளவு கோபம் கொள்கிறது.

வேலூரின் கண்டுபிடிப்பு அருமையானதுதான். ஆயினும் நுரையீரலை வெட்டித் துணுக்கெடுத்துப் பார்ப்பது எத்தனை பேருக்குச் சாத்தியம்? ஒருமுறை வெட்டலாம், மருந்து கொடுத்த பின் என்ன ஆயிற்று என்று பார்க்க மறுமுறையும் வெட்ட முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடை தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கில்லியான் என்ற மருத்துவர் விறைப்பான குழாய் ஒன்றைச் செலுத்தி எடுத்தார். அந்தக் காலத்துக் குழாய் அது. நோயாளியின் பாடு திண்டாட்டம்தான். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்து, 1960களின் பிற்பகுதியில், ஜப்பானின் இக்கேதா கண்ணாடி இழைகளால் ஒளியைக் கடத்துகின்ற, வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாயை உருவாக்கினார். 1974இல் அமெரிக்காவில் ரெனால்ட்ஸ், நியூபால் என்ற இருவர் அக்குழாய் வழியே நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலுள்ள அணுக்களையும் புரதங்களையும் ஆராயும் முறையை வகுத்தனர். வெட்டுவதற்குப் பதில் கழுவுதல் என்ற வழி பிறந்தது.

சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்று உலகுக்கு நிரூபித்துக் காட்டிய நிறுவனம் அது. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. அந்த மையத்தைச் சேர்ந்த டாக்டர் வி.கே. விஜயன், டாக்டர் குமாரசாமி, டாக்டர் எஸ்.பி. திரிபாதி ஆகியோரும், சென்னையின் புகழ்பெற்ற பேராசிரியர் டாக்டர் கே.வி. திருவேங்கடமும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கிரிஸ்டல், ஆட்டெசன் முதலானோரும் சேர்ந்து, ஈசினோபீலியா நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை ஆராய்ந்து 1987இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அந்த நீர் என்ன சொல்லிற்று தெரியுமா? நலமாயிருக்கும் ஒருவரின் கழுவுநீரில் நூறு அணுக்களை எண்ணினால் எண்பதுக்கு மேல் ‘மேக்ரோபேஜ்’ என்னும் துப்புரவு அணுக்களாக இருக்கும். ஈசினோபில் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். இந்நோயாளிகளின் நீரிலோ அணுக்களில் ஏறத்தாழச் சரிபாதி ஈசினோபில்! அவையும் அமைதியாக இருக்கவில்லை. தம் உள்ளே பொதிந்து வைத்திருக்கும் நச்சுத் துகள்களைக் கொட்டித் தீர்த்த நிலையில் காணப்பட்டன. புழுவை அழிப்பதற்கென்று உடல் வைத்திருக்கும் அந்த நஞ்சு, நுரையீரலின் மென்மையான சுவரையும் பதம் பார்க்கும். ஃபைலேரியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் அந்த நீரில் மிகுந்திருந்தன. இரத்தத்தை மட்டும் பார்த்தால் இந்தக் காட்சி கிடைப்பதில்லை. வாசலில் நின்று பார்ப்பதற்கும், வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

டி.இ.சி. என்ற மாத்திரையைக் கொடுத்தபின் மீண்டும் கழுவிப் பார்த்தார்கள். இரண்டு வாரங்களுக்குள்ளாகவே ஈசினோபில்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. மூச்சுவிடும் திறனும் மேம்பட்டது. கத்தியின்றி ஒரே மனிதரின் நுரையீரலை மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது இந்தச் சோதனையால்தான்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் மகிழ்ச்சியான முடிவாக இருந்திருக்கும். ஆனால் இதே குழுவினர் பலர் 1990ஆம் ஆண்டில் மற்றொரு கட்டுரையை வெளியிட்டனர். மூன்று வார மருந்தை முடித்துவிட்டுச் சென்ற நோயாளிகளை ஏறக்குறைய ஓராண்டு கழித்து அழைத்து, மறுபடியும் நுரையீரலைக் கழுவிப் பார்த்தனர். அவர்களில் பலருக்கு நுரையீரலின் ஆழத்தில் அழற்சி முற்றிலும் அணைந்துவிடாமல், சாம்பல் மூடிய தணல் போலக் கனன்றுகொண்டிருந்தது! இப்படி நாட்பட்டுக் கனன்றால் நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகும் அபாயம் உண்டு. இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை.

என்னைப் பொறுத்தவரை நம் வீடுகள் கவனிக்க வேண்டிய செய்தி இந்த இரண்டாவது கட்டுரையில்தான் இருக்கிறது. நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இருமல் நின்ற அன்றே மாத்திரையும் நின்றுவிடும். மருத்துவர் மீண்டும் வரச்சொன்ன தேதி மறந்துவிடும். “உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்குப் பயணச் செலவு?” என்போம். உடம்பு தேறியதாக நாம் எண்ணுவதும் நுரையீரல் தேறுவதும் எப்போதும் ஒன்றாக நிகழ்வதில்லை என்பதை அந்தச் சோதனை காட்டிவிட்டது. ஆகவே, ஈசினோபீலியா என்று சொல்லி மருந்து தரப்பட்டால் மூன்று வாரங்களையும் முழுமையாக முடியுங்கள். இருமல் திரும்பி வந்தாலோ, படியேறும்போது முன்னில்லாத இளைப்பு ஏற்பட்டாலோ, மாதங்கள் கடந்திருந்தாலும் மறுபடி காட்டுங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. “ஈசினோபீலியா” என்று இரத்தப் பரிசோதனைத் தாளில் எழுதியிருப்பதைப் பார்த்த உடனே மருந்துக்கடைக்குப் போய் டி.இ.சி. வாங்கி விழுங்காதீர்கள். குடற்புழு இருந்தாலும் ஈசினோபில் கூடும்; ஒவ்வாமையாலும் கூடும்; சில மாத்திரைகளாலும் கூடும். குடற்புழுக்களில் ஒருவகை உடலில் இருக்கும்போது, இளைப்புக்கென்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கி உண்டால் அப்புழு உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே காரணத்தைக் கண்டறிந்த பிறகே மருந்து.

நம் அனுப்பம்பட்டு நண்பருக்கு இந்தக் கழுவுநீர்ச் சோதனை உடனே தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. இரவு இருமல், இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஈசினோபில், ஃபைலேரியாவுக்கான எதிர்ப்பொருள், டி.இ.சி. கொடுத்ததும் கிடைக்கும் குணம் ஆகியவற்றைக் கொண்டே இந்நோயை அடையாளம் கண்டுவிடலாம். காசநோய் ஐயத்துக்கும் முதற்படி சளிப் பரிசோதனையே. அது அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. கிருமியின் மரபணுவைத் தேடும் ‘ஜீன் எக்ஸ்பர்ட்’ என்ற கருவி இரண்டு மணி நேரத்திலேயே, காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்ற இரண்டையும் சொல்லிவிடும். முதல் நாளிலேயே குழாய் விடவேண்டும் என்று எவரேனும் அவசரப்படுத்தினால், “சளியில் பார்த்துவிட்டீர்களா, ஐயா?” என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

பிறகு யாருக்குத் தேவை? சளியே வராதவருக்கு, வந்தும் சளியில் ஒன்றும் தெரியாமல், எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ நிழல் மட்டும் தெளிவாக இருப்பவருக்கு, கொடுத்த மருந்து பலன் தராமல் போனவருக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு. இத்தகையோருக்கு அந்த நீர் பல செய்திகளைத் தரும். ஈசினோபில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் ஈசினோபில் சார்ந்த நுரையீரல் நோய் என்று துணிந்து சொல்லலாம். லிம்போசைட் எனும் அணுக்கள் மலிந்திருந்தால், புறா எச்சம், பூசணம் பிடித்த வைக்கோல் போன்றவற்றின் தூசியால் வரும் ஒவ்வாமையையோ, சார்காய்டோசிஸ் என்னும் நோயையோ நினைக்க வேண்டியிருக்கும். இந்த சார்காய்டோசிஸ் எக்ஸ்ரேயில் காசநோயைப் போலவே காட்சி தந்து ஏமாற்றும். நீர் பால் போல வெளுத்து வந்தால் அதற்கென ஒரு தனி நோய் உண்டு. கழுவக் கழுவச் சிவப்பு கூடினால் உள்ளே இரத்தக் கசிவு. சளியில் அகப்படாத காசநோய்க் கிருமி இதில் அகப்படும். புற்றுநோய் அணுக்களும் சில வேளைகளில் வெளிப்படும்.

இனி, எல்லோரும் அஞ்சுகின்ற அந்த அரைமணி நேரத்துக்குள் செல்வோம்.

சோதனைக்கு முன் ஆறு மணி நேரம் உணவு கூடாது. வெற்றிலை, பாக்கும் கூடாது. நீர் எதுவரை அருந்தலாம் என்பதை மருத்துவரே சொல்வார். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும், அண்மையில் மாரடைப்பு கண்டோரும், ஆஸ்துமா உள்ளோரும் முன்கூட்டியே அதைச் சொல்லிவிடுங்கள். நீரிழிவுக்காரர் அன்று காலை மாத்திரையையோ இன்சுலினையோ என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு மயங்கி விழக்கூடாது.

தொண்டையிலும் மூக்கிலும் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பர். கசக்கும், தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் தோன்றும். அது மருந்தின் வேலையே அன்றி, மூச்சு அடைப்பு அன்று. பதற்றம் தணிய இலேசான தூக்க மருந்தும் தரப்படலாம். விரலில் ஒரு கவ்வியை மாட்டி உயிர்வளியின் அளவைக் கண்காணித்துக்கொண்டே இருப்பர். பென்சிலைவிடச் சற்று மெல்லிய அந்தக் குழாய் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இறங்கும். நுரையீரலுக்குள்ளே வலியறியும் நரம்புகள் இல்லையாதலால் உள்ளே வலி தெரியாது, இருமல் வரும். மூச்சுக்குழாய் முழுவதையும் இந்தக் குழாய் அடைத்துவிடாது. அதன் பக்கவாட்டில் காற்று தாராளமாகப் போய்வரும். நோயாளிக்கு இதை முன்பே சொல்லிவிட்டால் பாதி பயம் தீர்ந்துவிடும்.

குறிப்பிட்ட ஒரு கிளையில் குழாயை நிறுத்தி, உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். மொத்தத்தில் நூறு முதல் முந்நூறு மில்லி வரை போகலாம். “இவ்வளவு நீரை நுரையீரலில் விட்டால் மூழ்கிவிட மாட்டாரா?” என்று கேட்பீர்கள். நுரையீரலின் ஒரு சிறு பகுதிக்குள் மட்டுமே அந்த நீர் செல்கிறது. அதில் ஒரு பங்கு உடனே உறிஞ்சி எடுக்கப்படுகிறது. மிச்சத்தை உடல் தானே உட்கொண்டுவிடும். அன்று மாலை சிலருக்குக் காய்ச்சல் வருவதுண்டு. சளியில் இலேசாக இரத்தக் கோடு தெரியலாம். ஒரு நாளில் அடங்கிவிடும். இரத்தம் அதிகமாக வந்தாலோ, நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். சோதனை முடிந்து தொண்டையின் மரமரப்பு நீங்கும்வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். பாசத்தால் உடனே தேநீர் வாங்கி வந்து ஊட்டுவது நம் உறவினர்களின் வழக்கம். அன்று ஒரு நாள் அந்தப் பாசத்தைக் கட்டிவையுங்கள்!

பெண்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. முகத்திரையை நீக்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம். பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. முகம் திறந்திருந்தால் போதும். மற்றபடி உடலை மூடிக்கொள்ளத் தடையில்லை. ஊசிகளையும் சங்கிலியையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வாருங்கள். நோன்பு மாதத்தில் சோதனை நாள் குறிக்கப்பட்டால், தள்ளிப்போட இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவசரம் என்றால் தள்ளாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை பற்றி உங்கள் ஆலிமிடம் விளக்கம் பெறலாம். காசநோய் மாத்திரை உண்போர் நோன்பைக் காரணம் காட்டி அதை நிறுத்திவிடுவது பெருந்தவறு. நாளுக்கு ஒருவேளை உண்ணும் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டால் மருத்துவர் சொல்வார்.

நெஞ்சில் கோத்த நீரைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. நோயாளியை உட்காரவைத்து, முன்புறம் ஒரு தலையணைமேல் சாயச் செய்து, ஸ்கேன் கருவியால் நீர் இருக்கும் இடத்தைப் பார்த்து, தோலை மரக்கச் செய்து ஊசியைச் செலுத்துவர். சோதனைக்கு ஐம்பது மில்லி போதும். மூச்சுத்திணறலைப் போக்கவே கூடுதலாக எடுப்பர். நீர் வைக்கோல் நிறத்தில் இருந்து, ‘ஏ.டி.ஏ.’ என்னும் பொருள் அதில் மிகுந்திருந்தால் காசநோய்ப் பக்கம் ஐயம் வலுக்கும். சீழாக இருந்தால் ஒரு நாளும் தாமதியாமல் வடித்தாக வேண்டும். இதயம் பலவீனப்பட்டும் நெஞ்சில் நீர் சேரும்; அந்த நீரில் புரதம் குறைவு. இதயத்துக்கு மருந்து தரவேண்டிய இடத்தில் ஆறு மாதம் காசநோய் மருந்து உண்டு என்ன பயன்? புரதத்தை அளந்து இவ்விரண்டையும் பிரித்தறியும் விதிகளை 1972இல் அமெரிக்க மருத்துவர் லைட் வகுத்துத் தந்தார். இன்றும் அவையே நடைமுறையில் உள்ளன. “நீரை எடுத்தால் மறுபடி மறுபடி ஊறும்” என்று ஒரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. ஊறுவது எடுத்ததனால் அன்று, ஊறவைக்கும் நோய் உள்ளே இருப்பதனால்.

வடக்கு மார்க்கத்திலிருந்து வருவோருக்குச் சென்னையில் வழிகள் பல. சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை, வடசென்னையில் ஸ்டான்லி, பார்க் நிலையத்தில் வண்டி மாறினால் எழும்பூரை அடுத்துச் சேத்துப்பட்டு. அங்கே அரசின் நெஞ்சக மருத்துவ நிலையம் உள்ளது. தாம்பரம் சானடோரியத்திலும் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை உண்டு. செல்லும்போது பழைய எக்ஸ்ரேக்கள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். இரண்டாண்டுக்கு முந்தைய படம் ஒன்று, இன்றைய நிழல் புதியதா பழையதா என்று காட்டி, ஒரு சோதனையையே மிச்சப்படுத்திவிடும். உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் விடாதீர்கள்.

சில இடங்களில், எடுத்த நீரைப் பாட்டிலில் ஊற்றி உறவினர் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவர். அதைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம், நாளை கொடுக்கலாம் என்று எண்ணாதீர்கள். நேரம் ஆக ஆக அணுக்கள் சிதைந்துவிடும். மீண்டும் குழாய் விடவேண்டி வரும். அணு எண்ணிக்கையும் ஜீன் எக்ஸ்பர்ட் முடிவும் ஓரிரு நாளில் வந்துவிடும். ஆனால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். முதல் தாளில் ஒன்றுமில்லை என்று வந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டு, அந்த இரண்டாவது தாளை வாங்காமலே விட்டுவிடுவோர் பலர். வாங்க வேண்டிய தேதியைக் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் அந்தக் கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.